தாய்மொழி போன பெண்

தேர்வு அறையில் என் மாணவி ஒருத்திக்கு வலது கை மரத்துப்போனது. ஸ்கேன், நரம்புப் பரிசோதனை எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. "அப்போ நடிக்கிறா" என்றார்கள் வீட்டில். அன்றிரவு நான் பெர்த்தா பாப்பன்ஹைமை நினைத்துக்கொண்டேன்.

1880, வியன்னா. பெர்த்தாவுக்கு 21 வயது. வசதியான யூதக் குடும்பம். 16 வயதில் அவள் படிப்பு நின்றுவிட்டது. தம்பி பல்கலைக்கழகம் போனான். படுக்கையில் விழுந்த அப்பாவுக்கு இரவெல்லாம் கண்விழித்தவள் இவள்தான். சில மாதங்களில் விடாத இருமல், செயலிழந்த வலது கை, மங்கும் பார்வை. பிறகு தாய்மொழியான ஜெர்மனே போய்விட்டது. நெடுநாள் ஆங்கிலத்தில் மட்டும் பேசினாள்.

மருத்துவர் யோசெப் பிராயர் இதை ஹிஸ்டீரியா என்றார். கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். காரணம் பிடிபடாத பெண் நோய்க்கெல்லாம் கருப்பைதானே குற்றவாளி! ஆனால் பிராயர் ஒரு நல்ல காரியம் செய்தார்: உட்கார்ந்து கேட்டார். ஓர் அறிகுறி முதலில் தோன்றிய தருணத்தை அவள் சொல்லி முடித்தால் அது விலகியது என்று எழுதினார். அந்த முறைக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவள் அவளே: 'பேச்சு வைத்தியம்'. விளையாட்டாக, 'புகைக்கூண்டு துடைப்பது'. மருத்துவத்துக்கு ஒரு நோயாளிப் பெண் தந்த சொல் அது, இன்றும் புழங்குகிறது.

1895இல் பிராயரும் பிராய்டும் வெளியிட்ட நூலில் அவள் 'அன்னா ஓ.' ஆனாள். அதில் குணமாகிவிடுகிறாள். உண்மையில் 1882லேயே சுவிட்சர்லாந்தில் ஒரு சானடோரியத்தில் சேர்க்கப்பட்டிருந்தாள். முக வலியும் மார்ஃபின் பழக்கமும் கூடவே போயின. மூளை நோயாக இருந்திருக்கலாம் என்று பின்னாளில் வாதிட்டவர்களும் உண்டு. எதுவானாலும் அந்தக் கை அசையவில்லை என்பது பொய்யில்லை.

மருத்துவக் குறிப்பு நின்ற இடத்துக்கு அப்பால் அவளுக்கு அரை நூற்றாண்டு வாழ்க்கை இருந்தது. ஃபிராங்க்ஃபர்ட்டில் அநாதைப் பெண்குழந்தைகளின் விடுதியை நடத்தினாள். 1904இல் ஜெர்மனியின் யூதப் பெண்கள் கூட்டமைப்பைத் தொடங்கினாள். பெண்களை விலைக்கு விற்பதை எதிர்த்து ஊர் ஊராய் அலைந்தாள். எனக்குப் பிடித்தது வேறு: 1899இல் மேரி உல்ஸ்டன்கிராஃப்டின் பெண்ணுரிமை நூலை மொழிபெயர்த்தாள். நோயில் தங்கிய ஆங்கிலத்திலிருந்து, நோயில் தொலைந்த ஜெர்மனுக்கு.

தன் சிகிச்சையைப் பற்றி அவள் எதையும் வெளியிடவில்லை. 1936இல் இறந்தாள். 1953இல் பிராய்டின் வரலாற்றை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸ் 'அன்னா ஓ.' யாரென்று அச்சில் சொன்னார். அவளைக் கேட்க வழியில்லை.

மாணவி மறுவாரம் என் அறைக்கு வந்தாள். தேர்வைப் பற்றிப் பேசவில்லை. படுத்த படுக்கையாய் இருக்கும் பாட்டியைப் பற்றிப் பேசினாள். கை இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. திங்கட்கிழமை மறுபடி வருகிறேன் என்றிருக்கிறாள்.