லட்சத்துக்கு எவ்வளவு?

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்தியில் ஏ-9 வீதியை விட்டு மேற்கே திரும்பினால் உருத்திரபுரம். இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்யும் ஊர். எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று வாய்க்கால் எண்ணைச் சொல்லித்தான் இடம் கேட்பார்கள். இப்படியான ஊரில் வாகனம் என்றதும் கார் நினைவுக்கு வராது. உழவு இயந்திரமும் லான்ட்மாஸ்ரரும் முதலில் வரும், அடுத்தது மோட்டார் சைக்கிள். லான்ட்மாஸ்ரர் என்பது இங்கிலாந்துக் கம்பனி ஒன்றின் பெயர். ஜப்பான் குபோட்டாவும் சீன மெசின்களும் வந்த பிறகும் இருசக்கர உழவு இயந்திரத்துக்கு அந்தப் பெயர்தான் நிலைத்தது.

வன்னியில் வண்டி வாங்கப் போகிறவர் தனியே போகமாட்டார். கராச் வைத்திருக்கிறவரையோ, நீண்டகாலம் மெசின் ஓடிய சொந்தக்காரரையோ கூட்டிக்கொண்டு போவார். விலை பேசுவதும் பெரும்பாலும் அவர்தான். இந்த வழக்கத்தை நாட்டின் இறக்குமதிக் கொள்கையே வளர்த்துவிட்டது.

1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தபோது அரசு வாகன இறக்குமதியை இறுக்கியது. 1970க்கும் 1977க்கும் இடையில் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தடைப்பட, வடக்கின் விவசாயி கையில் காசு புரண்டது. காசு இருந்தது, வாங்கப் புது வண்டி இல்லை. ஆகவே பழைய மசி பெர்குசனுக்கும் மொறிஸ் மைனருக்கும் விற்கிறவர் சொன்னதே விலை. ஒப்பிட்டுப் பார்க்க விலைப்பட்டியல் எதுவும் கிடையாது. அப்போது வாங்குபவருக்கு இருந்த காவல் கூடப் போனவரின் கண்ணும் காதும் மட்டுமே. புகை நீலமாக வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. செசி இலக்கம் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, புதுப் பெயின்ற்றின் கீழே ஒட்டுவேலை ஏதும் ஒளிந்திருக்கிறதா என்பதையும் அவர் தடவிப் பார்ப்பார்.

அந்தக் காலத்தில் வண்டியின் வயதை இலக்கத் தகட்டிலேயே வாசிக்க முடிந்தது. ஆங்கில எழுத்துத் தகடு என்றால் 1957க்கு முந்தியது. அதற்குப் பிறகு வந்தது சிங்கள ஸ்ரீ. ஸ்ரீக்கு முன்னால் நின்ற எண் கூடக் கூட வண்டி பெரும்பாலும் புதிது. அந்த ஒற்றை எழுத்தை எதிர்த்து 1957, 1958இல் வடக்கில் பெரும் போராட்டம் நடந்தது, தமிழர் தகடுகளில் தார் பூசினார்கள். அதே 1958இல் அமெரிக்காவில் மைக் மன்ரோனி என்ற செனட்டர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். புதுக் காரின் கண்ணாடியில் உற்பத்தியாளர் குறித்த விலையை ஒட்டியே தீரவேண்டும், வாங்குபவரைத் தவிர வேறு யாரும் அதைக் கிழிக்கக்கூடாது என்றது அது. விற்பனையாளர்கள் விலையை இஷ்டத்துக்கு ஏற்றி, பிறகு பெருந்தன்மையாகக் குறைப்பதுபோலக் காட்டிய வித்தைக்குப் போட்ட கடிவாளம் அது.

1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு ஜப்பான் வாகனங்கள் நாட்டுக்குள் தாராளமாக வந்தன. வன்னிக்கு அந்தக் காலம் நீளவில்லை. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டதும் பெற்றோலும் உதிரிப்பாகமும் தடைப்பட்டியலில் ஏறின. பழைய கார்கள் துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிளே சொத்தாக இருந்த ஆண்டுகள் அவை. 2002 ஏப்ரலில் ஏ-9 திறந்ததும் வண்டிகள் திரும்பின. 2008, 2009 இடப்பெயர்வில் உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் முள்ளிவாய்க்கால் வரை உருண்டு போய் அங்கேயே கைவிடப்பட்டன. பெயர் மாற்றாமல் 'ஓப்பின் பேப்பரில்' கைமாறிய வண்டியைத் தன்னுடையது என்று நிறுவ, வாங்கியவர் கையில் ஒரு துண்டுகூட இல்லை.

மீள்குடியேறிய சனத்துக்கு முன்னால் நிதிக் கம்பனிகளின் பலகைகள் ஏ-9 ஓரமாக எழுந்தன. கைக்காசு கொஞ்சம், மிச்சம் லீசிங். வயல் செய்ய மெசின் உடனே தேவைப்பட்டவருக்கு அது பெரிய உதவிதான், அதை மறுக்கமுடியாது. ஆனால் ஏமாறும் இடம் மாறிப்போனதைப் பலர் கவனிக்கவில்லை. புது வண்டியில் புகையும் இல்லை, ஒட்டுவேலையும் இல்லை. கூடப் போன கராச்காரருக்குப் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. ஏமாறும் இடம் எஞ்சினிலிருந்து கடதாசிக்கு நகர்ந்துவிட்டது. கடதாசி வாசிக்கத் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போகும் வழக்கம் ஊரில் உருவாகவே இல்லை. உருவாகியிருக்கவேண்டும்.

லீசிங்காரர் பேசும் கணக்கு 'லட்சத்துக்கு இவ்வளவு' என்பது. உதாரணத்துக்கு ஒரு லட்சத்துக்கு மாதம் 3,500 ரூபாய், 48 மாதம் என்று வைத்துக்கொள்வோம். கட்டி முடிப்பது 1,68,000. வட்டி 68,000, ஆண்டுக்கு 17,000. ஆகவே 17 வீதம் என்பார்கள். ஆனால் மாதாமாதம் முதல் குறைந்துகொண்டே போகிறது. இரண்டு வருடம் கட்டியவரிடமும் முழு லட்சமும் இன்னும் அவர் கையில் இருப்பதுபோல வட்டி வாங்கினால் அது 17 வீதம் ஆகாது. குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 28 வீதம். அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் கடன் சட்டம் இந்த உண்மையான ஆண்டு வீதத்தைத்தான் எழுத்தில் சொல்லவைத்தது. காரின் விலையை வெளிப்படுத்திப் பத்து வருடம் கழித்தே கடனின் விலை அங்கும் வெளிச்சத்துக்கு வந்தது. இலங்கையில் நிதிக் குத்தகைச் சட்டம் 2000இலும், மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் 2023இலும் வந்தன.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது எழுபதுகள் திரும்பி வந்தன. ஓடிக் களைத்த மோட்டார் சைக்கிள், புதிதாக வாங்கிய விலையைவிடக் கூட விலைக்குப் போனது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்தது. அப்போது சுங்கத் தீர்வை, அதில் பாதியளவு மிகைவரி, உற்பத்தி வரி, 18 வீதப் பெறுமதி சேர் வரி எல்லாம் அடுக்கடுக்காக ஏறின. அப்படி ஏறிய விலையில், வரி எங்கே முடிகிறது, கடையின் இலாபம் எங்கே தொடங்குகிறது என்று வெளியில் நிற்பவருக்குத் தெரியாது. கைக்காசு விலை, லீசிங்கில் மொத்தமாகக் கட்டும் தொகை, காப்புறுதியும் கடதாசிச் செலவும், இடையில் ஒரேயடியாகக் கட்டி முடித்தால் என்ன கழிவு என்ற நான்கையும் தமிழில் எழுதி வாங்கி, இரண்டு மூன்று கடைகளில் ஒப்பிடுவதே இன்றைய கராச்காரர் வேலை.

புது வண்டி முதலில் போவது கோயிலுக்கு. உருத்திரபுரீஸ்வரர் வாசலில் பூசை முடிந்து, சில்லின் கீழே தேசிக்காய் நசுங்கி, வண்டி வீடு வந்து சேரும். லீசிங்கில் எடுத்த வண்டியென்றால் அதன் புத்தகத்தில், கடைசித் தவணை கட்டி விடுவிப்புக் கடிதம் கிடைக்கும்வரை, முழு உரிமையாளராக எழுதப்பட்டிருப்பது நிதிக் கம்பனியின் பெயர்.