பழைய சோறும் குடல் காவலும்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களை விட்டு ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தவர்களின் பேச்சில் பழைய சோற்றுக்குத் தனி மரியாதை உண்டு. பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு)க் கிளம்புமுன் லயத்து வீட்டில் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்த நீராகாரத்தின் 'நல்ல கிருமிகள்' நோயைத் தடுத்தன என்பார்கள். குடல் பாக்டீரியா நோயைத் தடுப்பது உண்மை. அந்தக் காவல்படை சோற்றுப் பானையிலிருந்து வருகிறது என்பதை மட்டும் ஏற்பதற்கில்லை.

காவலுக்குச் சான்று பழையது. 1950, 60களில் ஆய்வாளர்கள் போன்ஹாஃபும் மில்லரும் எலிகளில் சோதித்தார்கள். சாதாரண எலிக்குத் தொற்று உண்டாக்க ஏறக்குறைய ஒரு லட்சம் சால்மோனெல்லா தேவைப்பட்டது; குடல் பாக்டீரியாவைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கொடுத்த எலிக்குப் பத்துக்கும் குறைவே போதுமானது. பெருங்குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியா, வந்தேறிக்கு இரை கிடைக்காமல் செய்கிறது. நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்ரேட் போன்ற கொழுப்பு அமிலங்களைத் தருகிறது. குடற்சுவர்ச் செல்கள் பியூட்ரேட்டை எரிக்கும்போது ஆக்சிஜனைச் செலவழித்துவிடுவதால், ஆக்சிஜன் கிடைத்தால் செழிக்கும் சால்மோனெல்லாவுக்கு அங்கே வசதி குறைகிறது.

பழைய சோற்றின் லாக்டிக் பாக்டீரியா பெரும்பாலும் வழிப்போக்கர்கள். வளர்ந்தவரின் குடலில் அவற்றுக்கு நிலையான இடமில்லை. ஒடிசாவில் 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில் லாக்டிக் பாக்டீரியாக்களில் ஒன்றான லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் கொடுத்தபோது, இரத்தத்தொற்றும் இறப்பும் 9 விழுக்காட்டிலிருந்து 5.4 ஆகக் குறைந்தன. ஆனால் அது இன்னும் குடியேற்றம் முடியாத குடல். தவிர, கிருமியோடு அதற்கான தீனியும் சேர்த்தே தரப்பட்டது.

தீனிதான் முக்கியம் என்கிறேன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகள் 48 பேரிடம் செய்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. உப்புச் சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தைச் சேர்த்தபோது, வயிற்றுப்போக்கு 91 மணி நேரத்திலிருந்து 57 மணி நேரமாகச் சுருங்கியது. சிறுகுடலில் செரிக்காத மாவைப் பெருங்குடல் பாக்டீரியா அமிலமாக்க, அந்த அமிலம் உப்பையும் நீரையும் உறிஞ்ச உதவுகிறது. இது தொற்றைத் தடுப்பதல்ல, தொற்றின் சேதத்தைக் குறைப்பது. இரண்டையும் குழப்பக் கூடாது.

ஆறிய சோற்றிலும் இத்தகைய மாவுச்சத்து கூடுகிறது. எவ்வளவு? 2015இல் வெளியான இந்தோனேசிய ஆய்வில், 100 கிராம் சுடுசோற்றில் 0.64 கிராம், ஒரு நாள் குளிரூட்டிச் சூடாக்கிய சோற்றில் 1.65 கிராம். வேலூர்க் கரைசலோடு இதை ஒப்பிட்டால் பழைய சோற்றின் பங்கு சிறிதுதான். சிகாமட்டில் மலாய், சீனர், இந்தியர், ஜகூன் மக்களை ஒப்பிட்ட 2021 ஆய்வும் ஒரே வட்டாரத்தில் வாழ்ந்தாலும் குடல் பாக்டீரியா இனத்துக்கு இனம் மாறுவதைக் கண்டது. சோறு எல்லார் வீட்டிலும் உண்டு. சோற்றோடு சேர்வதுதான் வேறு. ஆகவே தோட்டத்துத் தட்டில் நான் தேடுவது பருப்பையும் முருங்கைக்கீரையையும் மொச்சையையும். ஈப்போவில் புந்தோங்கின் பேர்போன கச்சாங் பூத்தே கடைகளிலும் முறுக்கைவிட கொண்டைக்கடலைதான் பெருங்குடல் வரை போய்ச் சேரும்.