குட்டி 'கிறிஸ்துமஸ் மரம்' வாங்கியிருக்கீங்களா? உச்சியில மட்டும் கத்தரி வைக்காதீங்க!

டிசம்பர் வந்தாலே நர்சரிகளில் வரிசைகட்டி நிற்கும் குட்டி 'கிறிஸ்துமஸ் மரம்'. இதன் நிஜப் பெயர் நார்ஃபோக் தீவு பைன். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் கடலில் இருக்கும் நார்ஃபோக் தீவுதான் சொந்த ஊர். அங்கே இது 50 மீட்டருக்கு மேல் வளரும்! 1774-ல் அங்கு இறங்கிய கேப்டன் குக், 'கப்பலுக்குப் பாய்மரம் ஆகும்' என்று நினைத்த அளவுக்கு நேரான மரம்.

அந்த நேர்த்திக்குக் காரணம், உச்சியில் இருக்கும் ஒற்றைக் குருத்து. 'ரொம்ப உயரமாயிடுச்சே'ன்னு அதை வெட்டினால், பழைய கோபுர வடிவம் திரும்பாது. பக்கக் கிளையை வெட்டி நட்டாலும், அது படுத்தவாக்கில்தான் வளரும்.

வெளிச்சம்: நல்ல வெளிச்சம் வரும் ஜன்னலோரம் பெஸ்ட். வாரம் ஒருமுறை தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைங்க. இல்லைன்னா ஒருபக்கமா சாயும்.

தண்ணீர்: மேல்மண்ணில் விரலை வைத்துப் பாருங்க. காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்க. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அதுக்காகக் காயவும் விடாதீங்க. காய்ந்து உதிர்ந்த அடிக்கிளை மறுபடி துளிர்க்காது.

தொட்டி: இரண்டு, மூன்று வருடங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் பெரிய தொட்டிக்கு மாற்றலாம்.

தரையில் நடலாமா? தாராளமா. உப்புக்காற்றையும் தாங்கும் என்பதால் கடலோர வீடுகளுக்கும் ஏற்றது. ஆனால் சுவர், கரன்ட் கம்பியிலிருந்து நல்லா தள்ளி நடுங்க. இன்னிக்கு முழங்கால் உயரம்தான்... நாளைக்கு உங்க மாடியைத் தாண்டிடும்!