கம்பி நுனியில் ஒரு பீங்கான் முட்டை

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது, மேலே அள்ளிப் போடும் மண்ணோடு வெள்ளைக் களிமண்ணும் வெளியே வருகிறது. பக்கத்து ஊரான விருத்தாசலத்துக்கு அந்த மண் பிழைப்பானது. மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலுக்காக அறியப்பட்ட ஊர், பீங்கானுக்கும் பேர்போனதாயிற்று. பீங்கான் தொழிற்பேட்டை உண்டு. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் அரசுக் கல்வி நிறுவனமும் உண்டு. பொம்மை, அகல்விளக்கு, ஃபியூஸ் கேரியர், மின்கம்பிக்கான இன்சுலேட்டர் எல்லாம் இந்த மண்ணின் பிள்ளைகள்தாம்.

அவற்றில் பெரும்பாலோர் நின்று பார்க்காத ஒரு பொருள் முட்டை இன்சுலேட்டர். தெருவோர மின்கம்பத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியின் நடுவே கோத்திருக்குமே, அதுதான். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 5300 இதற்கென்றே எழுதப்பட்டது.

களிமண்ணோடு குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்த்து அரைத்து, உருக்கொடுத்து, காயவைத்து, கிளேஸ் பூசிச் சூளையில் ஏற்றுகிறார்கள். சூடு 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. இன்சுலேட்டரின் தரமே இந்த ஒரு காரியத்தில்தான் இருக்கிறது. சரியாக வேகாத பீங்கான் வெளியே பளபளத்தாலும் உள்ளே தண்ணீர் குடிக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒன்றை உடைத்து, சாயக் கரைசலில் அழுத்தத்தோடு ஊறவைப்பார்கள். உடைந்த முகத்தில் சாயம் உள்ளே ஏறியிருந்தால் தள்ளுபடி.

முட்டையில் இரண்டு துளைகள், ஒன்றுக்கொன்று குறுக்காக. இரு பக்கக் கம்பிகளும் எதிர்ப்பக்கத் துளை வழியே வளைந்து திரும்புவதால், இழுவிசை பீங்கானைப் பிய்க்காமல் நசுக்குகிறது. பீங்கான் இழுத்தால் எளிதில் உடையும். அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். அப்படியே நொறுங்கினாலும் இரு கம்பி வளையங்களும் ஒன்றையொன்று கவ்வி நிற்கும், கம்பம் சாயாது. இதை யோசித்தவரை நினைத்து நான் வியக்காத நாளில்லை.

மின்வாரியத்துக்காகப் பிறந்த இந்த முட்டை, எலக்ட்ரிகல் கடை வழியாக, பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் ரேடியோக்காரரின் மொட்டை மாடிக்கும் வந்துசேர்கிறது. தென்னிந்திய ஹாம்கள் காலையில் கூடிப் பேசும் 7 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு டைபோல் ஆன்டெனா கட்டுவதாக வைத்துக்கொள்வோம். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் நீளம்: 7.1-க்கு ஏறத்தாழ 20 மீட்டர். நடுவில் வெட்டிக் கோஆக்ஸ் கேபிள், இரு நுனிகளிலும் முட்டை, அப்பால் நைலான் கயிறு.

டைபோலில் நடுவில் மின்னோட்டம் அதிகம், நுனியில் மின்னழுத்தம் அதிகம். 100 வாட் அனுப்பினாலே நுனியில் பல நூறு வோல்ட் எழும். அந்த இடத்தில் எதைக் கட்டினாலும் அது ஆன்டெனாவின் ஒரு பகுதியாகிவிடும். பீங்கான் சேர்க்கும் சிறு மின்தேக்குத்திறன், முடிச்சுக்காக மடக்கிய கம்பி, மழையில் படியும் நீர்ப்படலம் மூன்றும் ஒத்ததிர்வு அதிர்வெண்ணைக் கீழே இழுக்கும். சில பத்து கிலோஹெர்ட்ஸ் இறங்கினாலும் 7.0 முதல் 7.2 வரையுள்ள சின்னப் பட்டையில் அது பெரிய நகர்வு. நுனியில் எல்லாவற்றையும் கட்டி, இழுத்து, மேலேற்றிய பிறகே அளக்க வேண்டும். எதைக் கொண்டு?

வால்வு காலத்து ஹாம்களிடம் இருந்தது கிரிட் டிப் மீட்டர். பலர் தாங்களே கட்டிக்கொண்டது. அதன் சுருளை ஆன்டெனா அருகே கொண்டுபோய் அதிர்வெண்ணைத் திருப்பினால், ஒத்ததிர்வு வரும் இடத்தில் முள் சரியும். நல்ல ஆசான்தான். ஆனால் மேலே நிற்கும் டைபோலின் நடுவுக்கு அதைத் தூக்கிச் செல்வது யார்? டயலின் எண்ணும் கையின் நெருக்கத்தில் நகரும்.

பிறகு, கேபிளில் திரும்பிவரும் அலையைக் கொண்டு பொருத்தத்தை ஒரு விகிதமாகக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வந்தது. இன்றும் பலர் இதை மட்டுமே நம்புகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 50 ஓம் கேபிளில் 1.5 என்று காட்டினால் அது 75 ஓமாகவும் இருக்கலாம், 33 ஓமாகவும் இருக்கலாம், மின்மறுப்பு (ரியாக்டன்ஸ்) கலந்த வேறொன்றாகவும் இருக்கலாம். எஸ்.டபிள்யூ.ஆர். குறைவான இடமும் ஒத்ததிர்வு இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒத்ததிர்வு என்பது மின்மறுப்பு சுழியாகும் இடம். நீளமான பழைய கேபிள் என்றால் அதன் இழப்பே மீட்டரை நல்லவிதமாகப் பேசவைத்துவிடும்.

அடுத்து வந்த அமெரிக்காவின் எம்.எஃப்.ஜே. 259பி ஆன்டெனா அனலைசர், பேட்டரியில் ஓடி, மின்தடையையும் மின்மறுப்பையும் தனித்தனியே காட்டியது. மின்மறுப்பின் குறி நேரா எதிரா என்று மட்டும் சொல்லாது. அருகே வலுவான வானொலி நிலையம் இருந்தால் தடுமாறும். எம்.எஃப்.ஜே. நிறுவனம் 2024-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

இப்போது பலர் கையில் இருப்பது நானோவிஎன்ஏ என்ற சிறு அளவுக் கருவி, ஜப்பானியர் ஒருவர் வடிவமைத்தது. 2019 வாக்கில் சீனத்தில் பெருமளவில் தயாராகத் தொடங்கிய பின் சில ஆயிரம் ரூபாய்க்குள் வந்தது. மின்தடை, மின்மறுப்பு, அதன் குறி மூன்றும் திரையில் தெரியும். குறி ஏன் முக்கியம்? 7.1-இல் நேர்க்குறி என்றால் கம்பி நீளம், எதிர்க்குறி என்றால் குட்டை. நீளம் என்றால் உடனே வெட்டாதீர்கள். முட்டையருகே மடக்கி முறுக்கிப் பாருங்கள்.

இதை வாங்கியவர்கள் சறுக்கும் இடமும் உண்டு. பழைய மாடல் ஒரு வீச்சில் 101 புள்ளிகளைத்தான் அளக்கும். 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 900 மெகாஹெர்ட்ஸ் வரை விட்டால் புள்ளிக்குப் புள்ளி 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. உங்கள் பட்டை முழுக்க அதற்குள் காணாமல் போகும். 6.8-லிருந்து 7.4 வரை மட்டும் விடுங்கள். ஓப்பன், ஷார்ட், லோட் கேலிபிரேஷனைக் கேபிளின் ஆன்டெனா முனையில் செய்யுங்கள். அப்போதுதான் கேபிளின் குணம் கணக்கிலிருந்து விலகும். கனத்த கேபிளைக் கருவியின் சின்னஞ்சிறு முனையில் தொங்கவிடாதீர்கள். கம்பியில் சேர்ந்த நிலைமின்சாரத்தைத் தரையோடு தொட்டு வடித்துவிட்டே இணையுங்கள்.

ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் நானோவிஎன்ஏ போதும். நண்பகல் வெயிலில் திரை தெரியவில்லை என்பதற்காக இரண்டாவது வாங்க வேண்டாம், காலையில் அளந்துகொள்ளுங்கள். மிஞ்சும் பணத்தை நல்ல கேபிளுக்கும் நன்றாக வெந்த இரண்டு பீங்கான் முட்டைகளுக்கும் கொடுங்கள்.

இவ்வளவு சிரத்தை எதற்கு? 2004 ஆழிப்பேரலையின்போது அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் ஹாம் வானொலி வழியாகத்தான் தீவின் செய்தியை வெளியே சொன்னார். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர் மாவட்டத்தின் மின்கம்பங்களை வரிசையாகச் சாய்த்தது. அப்படியொரு நாளில் ஆன்டெனா கைகொடுக்க வேண்டுமென்றால், இந்தக் கடற்கரையில் அதை வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும், பீங்கான் நனைந்தபின் ஒருமுறையும் அளந்து, இரண்டு எண்களையும் நோட்டில் குறித்து வையுங்கள்.