புழுவுக்கு மருந்து, மூளைக்கு விஷம்

"இது இயற்கையானது, சைட் எஃபெக்டே கிடையாது"ன்னு வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு ஜப்பான் கடற்பாசிதான் ஞாபகம் வரும்.

அது டைஜீனியா சிம்ப்ளெக்ஸ் என்ற சிவப்புப் பாசி. ஜப்பானில் 'மகுரி'ன்னு சொல்வாங்க, 'கைனின்சோ'ன்னும் பெயர் உண்டு. வயிற்றில் உருண்டைப்புழு இருக்கிற பிள்ளைகளுக்கு இதைக் கஷாயம் வெச்சுக் கொடுப்பாங்க. நம்ம ஊரில் பூச்சிக்கு வேப்பங்கொழுந்து அரைச்சுக் கொடுத்த மாதிரிதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கும் கொடுத்தாங்க.

1953-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இதில் புழுவை விரட்டும் பொருளைப் பிரித்தெடுத்து, கைனின்சோ பெயரிலேயே 'கைனிக் அமிலம்'னு பெயர் வெச்சாங்க.

ட்விஸ்ட் இங்கேதான். அஜினமோட்டோவில் இருக்கிற குளுட்டமேட், நம்ம மூளையில் நரம்பு செல்களைத் தூண்டிவிடும் சிக்னலும்கூட. கைனிக் அமிலத்தின் வடிவம் கிட்டத்தட்ட அதே மாதிரி. அதனால் அதே ரிசெப்டரில் போய் உட்காரும். ஆனா பல மடங்கு வலுவாகத் தூண்டும். ஓயாமல் தூண்டப்படும் செல் கடைசியில் செத்துப்போகும். 1976-ல் ஜோசப் காயிலும் ராபர்ட் ஷ்வார்ட்ஸும் இதை எலி மூளையில் செலுத்தினார்கள். ஹன்டிங்டன் நோயில் வருவது போன்ற சேதம் அங்கே உண்டானது.

இதன் நெருங்கிய சொந்தம் டொமோயிக் அமிலம். 1958-ல் இன்னொரு சிவப்புப் பாசியில் கிடைத்தது, அதுவும் ஜப்பானில் பூச்சி மருந்துதான். 1987-ல் கனடாவில் சிப்பி சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள், சிலருக்கு ஞாபகசக்தியே போனது. காரணம் இதே டொமோயிக் அமிலம். இந்த முறை அதை உருவாக்கியது சிவப்புப் பாசி இல்லை, சிப்பிகள் தின்ற ஒரு நுண்ணுயிர்.

அப்போ கைனிக் அமிலத்தைத் தூக்கிப் போட்டார்களா? இல்லை. அது எலிகளுக்கு வலிப்பை வரவழைக்கும். அந்த எலிகளை வைத்துத்தான் வலிப்பு நோய்க்கான மருந்துகளைச் சோதிக்கிறார்கள். மூளையில் ஒரு ரிசெப்டர் வகைக்கே 'கைனேட்' என்று பெயர். 2019-ல் இந்த அமிலத்தைத் தயாரிக்கும் பாசியின் மரபணுக்களையும் கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

ஒரே மூலக்கூறு: குழந்தைக்கு மருந்து, எலிக்கு விஷம், ஆய்வகத்துக்குக் கருவி. கடல் அதை மருந்துன்னும் செய்யலை, விஷம்னும் செய்யலை. எவ்வளவு, எந்த வழியா, எங்கே போய்ச் சேருது என்பதுதான் அதை முடிவு பண்ணுது. அடுத்த முறை அந்த ஃபார்வர்டு வந்தா, "எவ்வளவு?"ன்னு மட்டும் திருப்பிக் கேளுங்க.