எழுகடல் தெரு

மதுரைக்கு வடகிழக்கே, மேலூர்ப் பக்கத்தில், மீனாட்சிபுரம் என்று ஒரு சிற்றூர். அதையடுத்த குன்றின் மேலே சமண முனிவர்களுக்காகச் செதுக்கிய கற்படுக்கைகள் இருக்கின்றன. அருகே பாறையில் பழந்தமிழ் எழுத்துக்கள். ஏறக்குறைய 2200 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய அந்த எழுத்துக்களை ராபர்ட் சிவெல் என்ற ஆங்கிலேயர் 1882-இல் கண்டறிந்தார். மாங்குளம் கல்வெட்டுக்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வது இவற்றைத்தான்.

அவற்றில் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. அரசன் பெயர் கல்லில் இருப்பதில் வியப்பென்ன? ஆனால் அதே குன்றில் 'வெள்ளறை நிகமத்தார்' என்ற கூட்டத்தாரும் தங்கள் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். நிகமம் என்றால் வாணிகர் சங்கம். அதைச் சேர்ந்த ஒருவருக்குக் 'காவிதி' என்ற பட்டமும் இருந்திருக்கிறது. அது அரசன் வழங்கும் பட்டம். வாணிகர் கூட்டாக நின்றதும், அவர்களில் ஒருவர் அரண்மனையில் மதிப்புப் பெற்றதும் பாண்டி நாட்டில் எவ்வளவு பழைய வழக்கம் பாருங்கள்!

தனிக் கடைக்காரர் எவ்வளவு செல்வரானாலும் சர்க்காருக்கு முன்னால் அவர் குரல் எடுபடுவதில்லை. 1924-இல் மதுரையில் மதுரை–இராமநாதபுரம் வர்த்தக சங்கம் தோன்றியது. தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம் என்று பின்னாளில் பெயர் பெற்றது அதுதான். 1939-இல் ராஜாஜி மந்திரிசபை, மதுவிலக்கால் குறைந்த வருமானத்தை ஈடுசெய்யப் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், வரி நிலைத்துவிட்டது. ஆனால் 2005 ஏப்ரலில் மாநிலங்கள் பல மதிப்புக் கூட்டு வரியை ஏற்றபோது, தமிழ்நாடு 2007 ஜனவரி வரை பொறுத்திருந்தது. வியாபாரிகளின் குரலும் அதற்கு ஒரு காரணம்.

கடல் கடந்த நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகருக்கு அருகே 1956-இல் சௌத்டேல் என்ற பேரங்காடி திறக்கப்பட்டது. முழுவதும் ஒரே கூரைக்குள் அடங்கிய கடைவீதி அது. மறு ஆண்டே அந்நாட்டுப் பேரங்காடிக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். வரியோ, நிலமோ, சுற்றுப்புறத் தூய்மையோ, எதைப் பற்றிச் சட்டம் வந்தாலும் ஆட்சியாளரிடம் போய், 'எங்கள் தொழிலையும் கவனியுங்கள்' என்று எடுத்துரைப்பது அதன் வேலைகளில் ஒன்று. சௌத்டேலை வரைந்த விக்டர் குரூன் என்ற சிற்பியோ, தம் வழியைப் பின்பற்றி எழுந்த பேரங்காடிகள் நகரங்களைப் பாழ்படுத்திவிட்டன என்று பின்னாளில் மனம் நொந்தார்.

அந்த வருத்தம் எனக்கு விளங்கியது மதுரையில், எழுகடல் தெருவில் நின்றபோதுதான். மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே, புதுமண்டபத்தைத் தாண்டினால் அந்தத் தெரு. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை கடலாட விரும்பினாள் என்றும், சோமசுந்தரக் கடவுள் அவளுக்காக ஏழு கடல்களையும் அங்கே வரவழைத்தார் என்றும் திருவிளையாடற் கதை சொல்லும். அந்தக் குளம் இன்று இல்லை. தூர்த்த இடத்தில் கடைகள் எழுந்துவிட்டன.

கடைக்காரர்களை நான் குறை கூறவில்லை. அவர்களுக்கும் பிழைப்பு வேண்டும். ஆனால் மதுரையைச் சுற்றிய சமவெளியின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். ஒரு கண்மாய் நிறைந்து, மறுகால் பாய்ந்து, அடுத்த கண்மாயை நிரப்ப வேண்டும். இடையில் ஒன்றை மூடினால் தண்ணீர் வீதிக்கு வரும். வீதியிலிருந்து கடைக்குள் வரும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர் பட்ட பாடு நமக்குத் தெரியும். வியாபாரத்தின் நலம் வேறு, தண்ணீரின் நலம் வேறு என்று எண்ணுவதில்தான் பிழை தொடங்குகிறது.

இந்தப் பிழையைச் செய்யாதவர்களையும் பார்த்தோம். 2024 நவம்பரில், மேலூர் வட்டாரத்தில் டங்ஸ்டன் வெட்டும் உரிமை ஏலம் போய்விட்டதென்று செய்தி வந்தது. ஏறக்குறைய 2000 ஹெக்டேர் நிலம்! அரிட்டாபட்டியோடு, நாம் முதலில் பார்த்த மீனாட்சிபுரமும் அந்த எல்லைக்குள் அகப்பட்டது. டிசம்பர் 9-ந் தேதி சட்டசபை அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ந் தேதி விவசாயிகள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தார்கள். அன்று மேலூர்க் கடைக்காரர்களும் கடையடைத்து அவர்கள் பக்கம் நின்றார்கள். ஜனவரி 23-ந் தேதி மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்து செய்தது.

கண்மாய் வறண்டால் விளைச்சல் இல்லை. விளைச்சல் இல்லையென்றால் துணி எடுக்கவும் நகை வாங்கவும் ஆள் வரமாட்டார்கள். மேலூர்க் கடைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. இனி வரிக் குறைகளை எழுதிக்கொண்டு கோட்டைக்குப் போகும் வியாபாரிகள், தங்கள் ஊர்க் குளங்களின் பெயர்களையும் அந்த மனுவிலேயே சேர்த்து எழுதட்டும். எழுகடலுக்காக இனி யாரும் மனுப் போட முடியாது. மிச்சமுள்ள கண்மாய்களுக்காகப் போடலாம்.