ஓல்டம் பெருநகரப் பரோ: தொழிலெல்லையும் ஆட்சியெல்லையும்

முன்னுரை

ஒரு நிலப்பகுதியை ஒரே ஊராக்குவது தொழிலா, சட்டமா என்னும் வினா தொழிற்புரட்சிக்கால நகர வரலாற்றின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். மான்செஸ்டருக்கு வடகிழக்கே, பென்னைன் மலைச்சரிவில் அமைந்துள்ள ஓல்டம் பெருநகரப் பரோ இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்க களமாகும். ஆலைகள் செழித்திருந்த காலத்தில் அவற்றின் வரி பல உள்ளாட்சி மன்றங்களுக்குப் பிரிந்து சென்றது. அம்மன்றங்கள் 1974-இல் ஒன்றாக்கப்பட்டபோது ஆலைகள் மூடப்பட்டுக்கொண்டிருந்தன. இக்கால முரணையும் அதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பருத்தித் தொழிலின் எழுச்சி

மலைச்சரிவின் தரிசு நிலத்தில் வேளாண்மை செழிக்கவில்லை. குடிசைகளில் நடைபெற்ற நெசவே மக்களுக்குத் துணையாயிற்று. 1778 முதல் நூற்பாலைகள் தோன்றின. உள்ளூர் நிலக்கரி நீராவி இயந்திரங்களுக்கு எரிபொருளாயிற்று. 1801-இல் ஏறத்தாழ 12,000 ஆக இருந்த ஓல்டம் நகர மக்கள்தொகை 1901-இல் ஏறத்தாழ 1,37,000 ஆக உயர்ந்தது. 1871 அளவில், அமெரிக்க ஐக்கிய நாடுகள் தவிர வேறெந்த நாட்டிலும் இல்லாத அளவு நூற்புக் கதிர்கள் இங்கு இயங்கின என்று கணக்கிடப்பட்டுள்ளது.

இவ்வளர்ச்சிக்கு இரண்டு காரணங்கள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கன. முதலாவது, ‘ஓல்டம் லிமிடெட்’ எனப்பட்ட வரையறுத்த பொறுப்புடைய கூட்டுப்பங்கு நிறுவனங்கள். இவற்றில் ஆலைத் தொழிலாளர்களும் பங்குகள் வாங்கினர். தம் சேமிப்பைக் கடனாகவும் அளித்தனர். இரண்டாவது, பிளாட் பிரதர்ஸ் என்னும் நெசவு இயந்திர நிறுவனம். ஆலைகளுக்குத் தேவையான இயந்திரங்கள் ஊருக்குள்ளேயே உருவாயின. எனினும் அவை ஊருக்குள் மட்டும் நிற்கவில்லை. 1850களில் பம்பாயில் காவஸ்ஜி தாவர் நிறுவிய நூற்பாலைக்கும் பிளாட் நிறுவனமே இயந்திரங்களை அளித்தது. ஓல்டம் தன் சரக்கோடு தன் போட்டியாளர்களுக்கான கருவிகளையும் ஏற்றுமதி செய்தது எனலாம். 1929-இல் அந்நிறுவனம் ஜப்பானியத் தானியங்கித் தறியின் காப்புரிமையை டொயோடாவிடமிருந்து விலைக்குப் பெற்றது. தொழில்நுட்பத் தலைமை இடம் மாறியதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

பிரிந்து நின்ற உள்ளாட்சிகள்

1832-ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சீர்திருத்தம் ஓல்டம், சாடர்டன், ராய்ட்டன், கிராம்ப்டன் ஆகிய நான்கு ஊர்களையும் ஒரே தொகுதியாக்கியது. வில்லியம் காபெட், ஜான் ஃபீல்டன் ஆகிய இருவரும் அதன் முதல் உறுப்பினர்களாயினர். வாக்களிப்பதில் ஒன்றான இவ்வூர்கள் உள்ளாட்சியில் ஒன்றாகவில்லை. ஓல்டம் 1849-இல் நகராட்சிப் பரோவாகவும், 1889-இல் கவுண்டி மன்றத்திற்குக் கட்டுப்படாத கவுண்டி பரோவாகவும் உயர்ந்தது. மற்றவை பின்னர்த் தனித்தனி நகர்ப்புற மாவட்டங்களாயின.

இப்பிரிவினை வெறும் பெயரளவிலானதன்று. உள்ளாட்சி வரி அசையாச் சொத்தின் மீது விதிக்கப்பட்டதால், ஆலை எந்த எல்லைக்குள் நின்றதோ அந்த மன்றத்திற்கே அதன் வரி சேர்ந்தது. சாடர்டனில் எழுந்த ஆலை ஓல்டம் தொழிலின் ஒரு பகுதியாக இயங்கியபோதும், அதன் வரி ஓல்டம் நகரைச் சேரவில்லை. 1929-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் தொழிற்கூடங்களின் வரிச்சுமையில் முக்கால் பங்கை நீக்கியதால், எந்த மன்றத்திற்கும் ஆலையின் வருவாய் முன்போல் கிட்டவில்லை.

1974-ஆம் ஆண்டின் இணைப்பு

1972-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஓல்டம் கவுண்டி பரோவுடன் சாடர்டன், கிராம்ப்டன், ஃபெயில்ஸ்வொர்த், லீஸ், ராய்ட்டன், சாடில்வொர்த் ஆகிய ஆறு நகர்ப்புற மாவட்டங்கள் இணைந்து, கிரேட்டர் மான்செஸ்டரின் பத்துப் பெருநகரப் பரோக்களுள் ஒன்றாயின. இவற்றுள் சாடில்வொர்த் மட்டும் யார்க்‌ஷையரின் வெஸ்ட் ரைடிங் பகுதியைச் சார்ந்தது. கம்பளி நெசவு மரபுடையது. சமய ஆட்சியில் அவ்வூர் லங்காஷையரின் ராச்டேல் பங்கிற்குள் பன்னெடுங்காலம் இருந்தது. ஆயினும், தம்மை யார்க்‌ஷையர் மக்கள் என்றே கருதும் உணர்வு அங்கு இன்றும் நீடிக்கிறது. ஆகவே, எல்லை மாற்றத்தால் அடையாளம் தானாக மாறிவிடுவதில்லை.

இவ்விணைப்பு நிகழ்வதற்கு முன்பே, 1959-ஆம் ஆண்டின் பருத்தித் தொழிற்சட்டத்தின்கீழ் இழப்பீடு வழங்கிப் பழைய கதிர்கள் கழிக்கப்பட்டிருந்தன. எஞ்சிய ஆலைகளின் இரவுப்பணிக்கு 1960களில் பாகிஸ்தானிலிருந்தும் இன்றைய வங்காளதேசத்திலிருந்தும் தொழிலாளர்கள் வந்தனர். ஆலைகள் மூடப்பட்டபின் இம்மக்களுக்கு வேலையும் இல்லை. பிறரோடு சேர்ந்து உழைக்கும் களமும் இல்லை. 2001 மே மாதக் கலவரத்தையடுத்து வெளியான ரிச்சி அறிக்கை, நகரில் சமூகங்கள் தனித்தனியே வாழ்வதைச் சுட்டியது. 1986-இல் கிரேட்டர் மான்செஸ்டர் கவுண்டி மன்றம் கலைக்கப்பட்டதால், பரோ மன்றத்தின் பொறுப்புகள் மேலும் கூடியிருந்தன. 1920களில் கட்டப்பட்ட எல்க் ஆலை 1999-இல் இடிக்கப்பட்டது.

முடிவுரை

வளத்தின் காலத்தில் வரி பிரிந்திருந்தது. நலிவின் காலத்தில் பொறுப்பு ஒன்றானது. வெற்று ஆலைகள், பழைய வரிசை வீடுகள், வேலையின்மை ஆகியவற்றையே புதிய பரோ மரபுரிமையாகப் பெற்றது. எனவே, ஓல்டத்தின் பிற்காலச் சிக்கல்களைத் தொழில் வீழ்ச்சியின் விளைவாக மட்டுமோ, சமூகப் பிளவின் விளைவாக மட்டுமோ காண்பது முழுமையாகாது. எல்லை எங்கே வரையப்பட்டது என்பதோடு, எப்போது வரையப்பட்டது என்பதும் ஆட்சி வரலாற்று ஆய்வில் கருதப்பட வேண்டும்.